ரோமை எதிர்த்த மூன்று யூதக் கிளர்ச்சிகள்: எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள்?

கேள்வி இதுதான்: கி.பி. 66 முதல் 135 வரையிலான எழுபது ஆண்டுகளில் யூதர்கள் ரோமப் பேரரசை எதிர்த்து மூன்று முறை எழுந்தார்கள். மூன்று முறையும் தோற்றது ஏன்? சின்ன நாடு, பெரிய பேரரசு என்பதைத் தாண்டி வேறு காரணம் உண்டா?

உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே போரின் மூன்று பாகங்களாக நினைத்தால் அது பிடிபடாது. முதலாவது, எதிர்பாராமல் கிடைத்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டவர்களின் போர். இரண்டாவது பெரும்பாலும் யூதேயாவுக்கு வெளியே, லிபியக் கரையிலும் எகிப்திலும் சைப்ரஸிலும் நடந்தது. முன்கூட்டியே ஆயத்தம் செய்து ஒரே தலைமையின் கீழ் நடத்திய போர் மூன்றாவதுதான். "ஒற்றுமை இல்லை, அதனால் தோற்றார்கள்" என்ற வழக்கமான பதில் முதல் போருக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவதில் ஒற்றுமை இருந்தது. அழிவு முதலாவதைவிடக் கொடூரமாக இருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமுக்குள் நுழைந்ததிலிருந்து யூதேயா ரோமின் கைக்குள்தான் இருந்தது. ஏரோது போன்ற துணை அரசர்களை வைத்து ஆண்ட வரைக்கும் எப்படியோ ஓடியது. கி.பி. 6இல் ரோமே நேரடியாக ஆளத் தொடங்கி, வரி விதிக்கக் குடிமதிப்பு எடுத்தது. அதை எதிர்த்து எழுந்தவர்தான் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கலிலேயனாகிய யூதாஸ். ஆளுநர்கள் இரண்டாந்தர அதிகாரிகள். அவர்கள் கையில் லீஜியன் எனப்படும் 5,000 பேர் கொண்ட ரோமப் படைப்பிரிவு ஒன்றுகூடக் கிடையாது. மூவாயிரம் துணைப்படையினர் மட்டும் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் செசரியா, செபஸ்தே நகரங்களில் திரட்டப்பட்ட, யூதர்களோடு தீராப்பகை கொண்ட உள்ளூர்க்காரர்கள். கலவரத்தை அடக்க அனுப்பப்படும் ஆளே கலவரத்தில் ஒரு தரப்பு. பெரும்பாலான நூல்கள் இந்த ஏற்பாட்டுக் கோளாறை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. 66இல் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவே பாதிக் காரணம்.

தீயை மூட்டியவர் ஆளுநர் கெஸ்ஸியஸ் ஃபுளோரஸ். வரிப் பாக்கி இருந்தது உண்மை. பிறகு வசூலித்தபோது அது 40 தாலந்து வந்தது (தாலந்து என்பது வெள்ளியை நிறுக்கும் பெரிய எடை அளவு). ஃபுளோரஸ் தேவாலயக் கருவூலத்திலேயே கைவைத்து 17 தாலந்தை எடுத்தார். இளைஞர்கள் சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு, "ஏழை ஃபுளோரஸுக்குப் பிச்சை போடுங்கள்" என்று தெருத்தெருவாகப் போனார்கள். பதிலுக்கு ஃபுளோரஸ் படையை மேல்நகரச் சந்தைக்குள் ஏவினார். அன்று 3,600 பேர் இறந்ததாக, இந்தப் போரை எழுதிவைத்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். ரோமக் குடியுரிமையும் உயர்தகுதியும் பெற்ற யூதர்களைக்கூடச் சிலுவையில் அறைந்தார்கள். சட்டப்படி செய்யவே கூடாதது அது.

ஆனாலும் அதுவரை நடந்தது கலவரம்தான். அதைப் போராக்கியது ஆலயத்துக்குள் எடுத்த ஒரு நிர்வாக முடிவு. ரோமப் பேரரசரின் நலனுக்காக எருசலேம் ஆலயத்தில் தினமும் பலி செலுத்துவது வழக்கம். பேரரசரைத் தெய்வமாக வணங்காத யூதர்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்டும் வழி அது. ஆலயக் காவல் தலைவன் எலெயாசர் அதை நிறுத்தினான். பிரதான ஆசாரியர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. ரோமின் கண்ணில் இது திறைகட்ட மறுப்பதற்குச் சமம். இத்தனைக்கும் எலெயாசர், முன்னாள் பிரதான ஆசாரியன் அனனியாவின் மகன். பவுலின் வாயில் அடிக்கச் சொன்னதாக நடபடிகளில் வருகிறாரே, அதே அனனியா. சில வாரங்களில் கிளர்ச்சிக்காரர்கள் அனனியாவின் வீட்டைக் கொளுத்தினார்கள். ஒளிந்திருந்தவரைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். வீடு எரிந்த கையோடு கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் காப்பகமும் எரிந்தது. கடன்பட்ட ஏழைகளைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் அதை எரித்தார்கள் என்று யோசேபஸ் வெளிப்படையாகவே சொல்கிறார். வெறும் மதப்போர் என்று இதை விவரிப்பவர்கள் இந்தக் காப்பகத்தை மறந்துவிடுகிறார்கள்.

சிரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் பன்னிரண்டாம் லீஜியனையும், மற்ற லீஜியன்களிலிருந்து ஆட்களையும், துணை அரசர்களின் படைகளையும் சேர்த்துக்கொண்டு சுமார் 30,000 பேருடன் வந்தார். எருசலேமின் வடக்குப் புறநகரைப் பிடித்து ஆலய மதில்வரை போனவர், திடீரென்று திரும்பினார். ஏன் திரும்பினார் என்று யோசேபஸே வியக்கிறார். ஆனால் கணக்கைப் பார்த்தால் புரியும். குளிர்காலம் தொடங்கிவிட்டது. வரும் வழியிலேயே பெத்ஹோரோன் ஏற்றத்தில் சீமோன் பர் கியோரா பின்புறமாகத் தாக்கிப் பொதிசுமக்கும் கோவேறு கழுதைகள் பலவற்றை ஓட்டிச் சென்றுவிட்டார். உணவும் பொறிகளும் இல்லாமல் முற்றுகை நீடிக்காது. திரும்பும்போது அதே பெத்ஹோரோன் இறக்கத்தில், இருபுறமும் உயர்ந்த குறுகிய பாதையில் படை மாட்டிக்கொண்டது. காலஸ் 400 பேரை முகாமில் விட்டு, எல்லோரும் இருப்பதுபோல் காவல் குரல் கொடுக்கச் சொல்லிவிட்டு, இரவோடிரவாக நழுவினார். அந்த 400 பேரும் செத்தார்கள். மொத்தம் ஆறாயிரத்தை ஒட்டிய இழப்பு. லீஜியனின் கழுகுக் கொடியும் போனது. முற்றுகைப் பொறிகள் கிளர்ச்சிக்காரர்கள் கையில் விழுந்தன.

இந்த வெற்றிதான் அவர்களுக்கு வந்த வினை. அதுவரை சமாதானம் பேசிக்கொண்டிருந்த ஆசாரியக் குடும்பங்களும் வேறு வழியில்லாமல் போரில் இறங்கின. மலைப்பாதையில் பின்வாங்கும் படையை வீழ்த்தியதை வைத்து, மதிலுக்குள் உட்கார்ந்து லீஜியன்களை எதிர்கொள்ளலாம் என்று நம்பிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. வெள்ளிக் காசு அச்சிட்டார்கள்: ஏறக்குறைய 14 கிராம் எடை, பழைய எபிரேய எழுத்து, ஒருபுறம் கிண்ணம், மறுபுறம் மூன்று மாதுளை மொட்டுகள், "இஸ்ரவேலின் சேக்கல்", "பரிசுத்த எருசலேம்" என்ற வாசகங்கள். ஆண்டு 1 முதல் ஆண்டு 5 வரை கிடைக்கின்றன. வெள்ளி கடைசிவரை தரம் குறையவில்லை. நாணயச்சாலை ஒழுங்காக நடந்தது. ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படியும் படைதான் இல்லை.

பேரரசர் நீரோ அனுப்பிய தளபதி வெஸ்பாசியன், மூன்று லீஜியன்களும் துணைப்படைகளுமாகச் சுமார் 60,000 பேருடன் 67இல் கலிலேயாவுக்குள் வந்தார். அங்கே யூதத் தளபதி வேறு யாருமல்ல, நமக்கு இந்தக் கதையைச் சொல்லும் யோசேபஸ்தான். யோத்பாத் என்ற மலையூரில் 47 நாள் தாக்குப்பிடித்தார். அந்த முற்றுகை, ரோமர்கள் எப்படிச் சண்டையிட்டார்கள் என்பதற்குப் பாடநூல் போன்றது. முதலில் மதிலை நோக்கி மண்மேடு எழுப்புவார்கள். மேடு எழும்பும்போது வேலையாட்களைக் காக்க 160 கல்லெறி, அம்பெறி பொறிகள் ஓயாமல் இயங்கும். மேடு உயர்ந்ததும் இரும்புத் தலை பொருத்திய மதிலிடி மரம் மேலேறும். இதற்கு ஊர்க்காரர்கள் கண்ட மாற்றுகள் சாதுரியமானவை. அப்போது உரித்த மாட்டுத்தோலைக் கழிகளில் கட்டித் திரையாக்கி, அதன் மறைவில் மதிலை உயர்த்தினார்கள். ஈரத்தோல் கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், தீயும் பிடிக்காது. இடிமரம் மோதும் இடத்தில் உமி நிரப்பிய சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். ரோமர்கள் நீண்ட கழிகளில் அரிவாள் கட்டிச் சாக்குக் கயிறுகளை அறுத்தார்கள். ஏறுபலகைகளில் ரோமர்கள் கால் வைத்தபோது மேலிருந்து கொதிக்கும் எண்ணெய், பிறகு வேகவைத்த வெந்தயம்! வெந்தயக் கொழகொழப்பில் கவசம் போட்டவன் நிற்க முடியுமா? வழுக்கி விழுந்தவர்கள்மேல் அம்பு பாய்ந்தது.

ஊரைக் கடைசியில் கைவிட வைத்தது தண்ணீர்ப் பஞ்சமும் தூக்கமும். ஊற்று கிடையாது, மழைநீர்த் தொட்டிகள்தான். கடைசிச் சாமத்தில் காவல்காரர்கள் அசந்து தூங்குகிறார்கள் என்று ஓடிப்போன ஒருவன் சொல்ல, வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் விடியற்காலை மூடுபனியில் சத்தமில்லாமல் மதிலேறினார். யோசேபஸ் குகையில் ஒளிந்தார். உடனிருந்த 40 பேரும் சீட்டுப் போட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கடைசி இருவரில் ஒருவராக மிஞ்சியவர், எதிரியிடம் சரணடைந்து, "நீ பேரரசனாவாய்" என்று வெஸ்பாசியனுக்குக் குறி சொல்லி உயிர் பிழைத்தார். பிறகு ரோமில் வீடு, உதவித்தொகை, குடியுரிமை எல்லாம் கிடைத்தன. அவர் எழுத்தைப் படிக்கும்போது இந்த வீட்டையும் உதவித்தொகையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பாக எண்களில். யோத்பாத்தில் 40,000 பேர் இறந்தார்கள் என்கிறார். அகழ்ந்து பார்த்ததில் அந்த ஊர் மொத்தமே சுமார் 12 ஏக்கர். ஆனால் சண்டையின் விவரங்களில் பொய் சொல்லவில்லை: மண்மேடு, அம்புமுனைகள், உருட்டிச் செதுக்கிய கற்குண்டுகள், தொட்டிகளில் குவிந்த எலும்புகள் எல்லாம் கிடைத்தன. ரோமர்கள் அதே ஆண்டில் முற்றுகையிட்டுப் பிடித்த, கோலான் சரிவில் இருக்கும் கம்லாவில் இன்னும் துல்லியம். 1976இல் தொடங்கிய அகழாய்வில் சுமார் 2,000 கற்குண்டுகளும் 1,600 அம்புமுனைகளும் எடுத்தார்கள். அவர் சொன்ன இடத்தில் மதில் உடைப்பு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே நல்ல விதி இது: பொறி, மேடு, நாள்கணக்கு என்றால் யோசேபஸை நம்பலாம்; பிணக்கணக்கு என்றால் நம்பக்கூடாது. யார்மேல் குற்றம் என்று அவர் தீர்ப்புச் சொன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

68 ஜூனில் நீரோ இறந்ததும் போர் ஏறக்குறைய நின்றது. ரோமில் ஓராண்டுக்குள் நான்கு பேரரசர்கள். எருசலேமுக்கு இதைவிட நல்ல இடைவெளி கிடைத்திருக்க முடியாது. அதை எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் முதல் போரின் உண்மையான தோல்வி. கலிலேயாவிலிருந்து தப்பி வந்த கிஸ்காலா யோவான் ஒரு கட்சி. ஆலயத்தைப் பிடித்து வைத்திருந்த எலெயாசர் பென் சீமோனின் செலோத்தர்கள் என்ற தீவிரவாதக் குழு இன்னொன்று. பண்ணையடிமைகளையும் ஏழைகளையும் திரட்டி வந்த சீமோன் பர் கியோரா மூன்றாவது. முதலில் மிதவாத ஆசாரியர்களைக் கொன்றார்கள், பிறகு ஒருவரையொருவர். பேரரசராகிவிட்ட வெஸ்பாசியன் போரை ஒப்படைத்த டைட்டஸ் வந்து சேர்ந்தபோது மூவரிடமும் சேர்த்து 23,000 சொச்சம் வீரர்கள் இருந்தார்கள். ஆனால் களஞ்சியம் இல்லை, எரிந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் யோசேபஸ், ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், யூத ரபிகளின் மரபுநூலான தல்மூது மூன்றும் ஒத்துப்போகின்றன. தல்மூதுப்படி மூன்று செல்வர்கள் சேர்த்த தானியம் 21 ஆண்டுகளுக்குக் காணும். அந்த எண்ணை விட்டுத்தள்ளலாம். ஒரு கட்சியின் கையில் தானியம் சிக்கக்கூடாது என்று இன்னொரு கட்சி கொளுத்தியதை விட்டுத்தள்ள முடியாது.

70ஆம் ஆண்டு வசந்தத்தில், பஸ்கா பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்களால் நகரம் பிதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், டைட்டஸ் நான்கு லீஜியன்களுடன் சூழ்ந்தார். வடக்கே மூன்று மதில்கள். வெளி மதில் பதினைந்தாம் நாள் விழுந்தது. இரண்டாவது அதற்கு ஐந்து நாளில் விழுந்தது. உள்ளே நுழைந்த ரோமர்களைக் குறுகலான சந்துகளில் அடித்துத் துரத்தினார்கள். மேலும் நான்கு நாள் கழித்து அது நிரந்தரமாகப் போனது. பத்தாம் லீஜியனின் கல்லெறி பொறிகள் ஒரு தாலந்து எடைக் கல்லை இரண்டு ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 370 மீட்டர் தூரம் வீசின. எருசலேம் சுண்ணாம்புக்கல் வெள்ளை; பறந்து வருவது கண்ணுக்குத் தெரியும். மதில்மேல் இருந்த காவலர் கூவி எச்சரித்ததும் எல்லோரும் குப்புறப் படுத்துக்கொள்வார்கள், கல் மேலே போய்விடும். ரோமர்கள் இதைக் கவனித்துக் கற்களுக்குக் கறுப்புப் பூசினார்கள். அதன்பிறகு ஒரே கல்லில் பல பேர் செத்தார்கள். எருசலேம்காரர்களிடமும் காலஸிடம் பறித்தது உட்பட 300 அம்பெறி பொறிகளும் 40 கல்லெறி பொறிகளும் இருந்தன. ஆனால் தொடக்கத்தில் அவற்றை இயக்கத் தெரிந்த ஆள் கிடையாது.

அடுத்து ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையும் மேல்நகரமும். 17 நாள் உழைத்து நான்கு மண்மேடுகளை எழுப்பினார்கள். யோவான் கோட்டைக்கு அடியிலிருந்து மேடுகளின் கீழ்வரை சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து, கீலும் நிலக்கீலும் பூசிய விறகை அடுக்கித் தீ வைத்தார். தூண்கள் எரிந்ததும் மேடு பொறிகளோடு உள்ளே சரிந்தது. இரண்டு நாள் கழித்து சீமோனின் ஆட்கள் மற்ற மேடுகளின் பொறிகளுக்கும் தீ வைத்தார்கள். முற்றுகை முழுவதிலும் யூதத் தரப்பின் சிறந்த வேலை இது. டைட்டஸ் பதிலுக்குப் படையை முட்டவிடவில்லை. நகரைச் சுற்றி 39 ஸ்தாதி, ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளச் சுவரை, 13 காவலரண்களுடன், மூன்றே நாளில் கட்டி முடித்தார். இரவில் வெளியே போய்க் கீரை பறித்து வந்தவர்களின் வழியும் அடைபட்டது. ஒரு படி கோதுமை ஒரு தாலந்துக்கு விற்றது என்கிறார் யோசேபஸ். அரைக்கச்சைத் தோலையும் கேடயத் தோலையும் மென்றார்கள். அதற்கு முன்பே, உணவு தேடி வெளியே வந்து பிடிபட்டவர்கள் நாளுக்கு 500 பேர்வரை மதிலுக்கு எதிரே சிலுவையில் தொங்கினார்கள்.

ரோமர்களுக்கும் தட்டுப்பாடு இருந்தது. உணவில் அல்ல, மரத்தில். மண்மேடு என்று சொன்னாலும் உள்ளே மரச்சட்டம் வேண்டும்; முந்தைய மரமெல்லாம் எரிந்துவிட்டது. நகரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 90 ஸ்தாதி, சுமார் 17 கிலோமீட்டர் தூரம்வரை மரங்களை மொட்டையடித்து, 21 நாளில் புதிய மேடுகளை எழுப்பினார்கள். மதிலிடி மரம் ஒரு நாள் முழுக்க முட்டியும் அந்தோனியா மதில் அசையவில்லை. அன்று இரவு அதுவாகவே சரிந்தது. யோவான் தோண்டிய அதே சுரங்கத்தின் மேல்தான் மதில் நின்றிருந்தது. மேட்டைச் சாய்த்த பள்ளம் மதிலையும் சாய்த்துவிட்டது. பின்னால் அவர் அவசரமாகக் கட்டியிருந்த இரண்டாம் சுவர் சில நாள்தான் தாங்கியது. யூத நாள்காட்டியின் தம்மூஸ் மாதம் 17இல் தினப்பலி நின்றது. ஆப் மாதம் ஒன்பது, பத்தில் ஆலயம் எரிந்தது. அடுத்த மாதமான எலூலில் மேல்நகரமும் விழுந்தது. டைட்டஸ் ஆலயத்தைக் காப்பாற்ற விரும்பினார், யாரோ ஒரு சிப்பாய் தீ வைத்துவிட்டான் என்பது யோசேபஸ் தரும் விளக்கம். பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சுல்பிசியஸ் செவேரஸ், எரிக்க வேண்டும் என்று வாதாடியவரே டைட்டஸ்தான் என்கிறார். டைட்டஸின் தயவில் வாழ்ந்தவர் சொல்வதைவிட இதுவே நம்பத்தக்கதாகப் படுகிறது.

இறந்தவர் 11 லட்சம் என்பது யோசேபஸின் கணக்கு. டாசிடஸ், முற்றுகையில் இருந்தவர்களே மொத்தம் ஆறு லட்சம் என்கிறார். அந்த மதிலுக்குள் இரண்டு எண்ணும் அடங்காது. போர் முழுவதிலும் பிடிபட்டவர் 97,000 என்ற எண் மட்டும், அடிமைச் சந்தைக்குக் கணக்கு எழுதும் வழக்கம் இருந்ததால், ஓரளவு பொருந்தும்.

மசாதா என்ற மலைக்கோட்டையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அது போரின் வால். எருசலேம் விழுந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 73 அல்லது 74இல், ஆளுநர் ஃபிளாவியஸ் சில்வா பத்தாம் லீஜியனுடன் போய் எட்டு முகாம்களும் சுற்றுச்சுவரும் அமைத்து, மேற்கே இயற்கையாக இருந்த மலைமுகட்டின்மேல் மேடு எழுப்பி ஏறினார். 960 பேர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் மட்டும் பிழைத்தார்கள் என்கிறார் யோசேபஸ். முகாம்களும் மேடும் இன்றும் அப்படியே நிற்கின்றன. அத்தனை பேரின் எலும்பு கிடைக்கவில்லை. போரின் முடிவை அது எந்தவிதத்திலும் மாற்றவில்லை.

உண்மையில் எல்லா யூதரையும் தொட்டது வரி. முன்பு வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு அரைச் சேக்கல் எருசலேம் ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது ஆண், பெண், குழந்தை, பேரரசின் எந்த மூலையில் இருந்தாலும், ஆளுக்கு இரண்டு திராக்மா ரோமில் ஜூப்பிட்டர் கோயிலுக்குக் கட்ட வேண்டும். கிளர்ச்சியில் சேராத அலெக்ஸாந்திரியா யூதனும் கட்டினான். ஆலயமும் போய், அந்தக் காசு விக்கிரகக் கோயிலுக்குப் போவதைப் பார்த்த தலைமுறைதான் இரண்டாம் கிளர்ச்சியை நடத்தியது.

அதற்கு வாய்ப்புத் தந்தது, கிழக்கே இருந்த பார்த்தியப் பேரரசின்மேல் பேரரசர் டிராஜன் நடத்திய படையெடுப்பு. எகிப்திலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் படைகள் கிழக்கே போயிருந்த 115 முதல் 117 வரையிலான நேரத்தில், லிபியக் கரையின் சிரேனிலும் எகிப்திலும் சைப்ரஸிலும் யூதர்கள் எழுந்தார்கள். மெசொப்பொத்தேமியாவிலும் கிளர்ச்சி வெடித்தது. சிரேன் தலைவனைக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசிபியஸ் லூக்குவாஸ் என்கிறார், ரோம வரலாற்றாசிரியர் டியோ ஆந்திரேயாஸ் என்கிறார். இந்தப் போருக்கு யோசேபஸ் போல ஒருவர் வாய்க்கவில்லை. ஆனால் துண்டு துண்டாகக் கிடைப்பவை அதிகம் பேசுகின்றன. சிரேன் துறைமுகச் சாலையை "யூதக் கலகத்தில் பெயர்த்து நாசமாக்கப்பட்டதால்" செப்பனிட்டதாக, டிராஜனுக்கு அடுத்த பேரரசர் ஹேட்ரியனின் மைல்கல் சொல்கிறது. கோயில்கள் இடிந்ததற்கும் கல்வெட்டுகள் உண்டு. எகிப்தில் அதிகாரி அப்பொல்லோனியோஸின் தாய், மகன் போர்முனையில் இருக்கும் கவலையில் எழுதிய பாப்பிரஸ் கடிதங்கள் இருக்கின்றன. எட்ஃபூ நகரில் கிடைத்த யூத வரி ரசீது ஓடுகள் 116 மே மாதத்தோடு சட்டென்று நின்றுபோகின்றன. வரி கட்ட ஆள் இல்லை. ஆக்சிரிங்கஸ் நகரத்தில் யூதர்களை வென்ற நாளை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் விழாவாகக் கொண்டாடினார்கள்.

இது ரோமப் படையோடு மட்டும் நடந்த போரல்ல. கிரேக்க அண்டைவீட்டாரும் யூத அண்டைவீட்டாரும் வெட்டிக்கொண்டது. ரோமத் தளபதி மார்சியஸ் டர்போ கப்பற்படையோடும் குதிரைப்படையோடும் வந்து எகிப்திலும் சிரேனிலும் அடக்கினார். மெசொப்பொத்தேமியாவில் லூசியஸ் குவைட்டஸ். சைப்ரஸில் அதன்பிறகு கப்பல் உடைந்து கரையொதுங்கிய யூதனைக்கூடக் கொல்வார்கள் என்கிறார் டியோ. எந்த இடத்திலும் பிடித்து நிறுத்தக்கூடிய கோட்டையோ களஞ்சியமோ இல்லாததால் இது தோற்றது. அலெக்ஸாந்திரியாவின் பழம்பெரும் யூதச் சமூகம் இதில் ஏறக்குறைய முடிந்தது.

மூன்றாவதற்கு வருவோம். 132இல் வெடித்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. எருசலேமின் இடிபாடுகள்மேல் ஹேட்ரியன் ஏலியா கபிட்டோலினா என்ற ரோமக் குடியேற்ற நகரை நிறுவத் தொடங்கியது ஒன்று. விருத்தசேதனத்தைத் தடைசெய்தது இன்னொன்று. ஏலியா பெயர் பொறித்த காசும் கிளர்ச்சிக் காசும் ஒரே புதையலில் சேர்ந்தே கிடைத்திருப்பதால், நகரம் கிளர்ச்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது உறுதி. தடை முன்பா, தண்டனையாகப் பின்பா என்பதில்தான் வாதம்.

தலைவர் ஷிமோன் பர் கோசிபா. ஆதரவாளர்கள் பர் கோக்பா, அதாவது விண்மீனின் மகன் என்றார்கள். ரபி அகிபா அவரையே மேசியா என்று அறிவித்ததாகவும், அதற்கு ரபி யோகனான் பென் தோர்தா, "அகிபா, உன் தாடையில் புல் முளைத்துவிடும், தாவீதின் குமாரன் அப்போதும் வந்திருக்க மாட்டான்" என்று சொன்னதாகவும் எருசலேம் தல்மூது சொல்கிறது.

முதல் போரின் ஒவ்வொரு தவறுக்கும் இங்கே மாற்று இருந்தது. ரோமப் படைக்கு ஆயுதம் செய்துகொடுக்க வேண்டிய கொல்லர்கள் வேண்டுமென்றே தரக்குறைவாகச் செய்தார்கள். ரோமர்கள் கழித்துக்கட்டியதைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள் என்கிறார் டியோ. பெரிய மதில் நகரத்தை நம்பவில்லை. யூதேயாவின் தாழ்குன்றுகளில் சுண்ணப்பாறை மென்மையானது. ஏற்கெனவே இருந்த தொட்டிகளையும் எண்ணெய்ச் செக்கறைகளையும் இணைத்து, ஊருக்கு ஊர் நிலத்தடி வளைகளைக் குடைந்தார்கள். நூற்றுக்கணக்கானவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஆள் தவழ்ந்து மட்டுமே போகும் அகலம், செங்குத்தான திருப்பங்கள், உள்ளிருந்து அடைக்கும் கல், விளக்கு வைக்க மாடம், மேலே காற்றுத்துளை. கேடயமும் ஈட்டியும் ஏந்திய சிப்பாய் வரிசை குலைந்து ஒற்றையாளாகத் தவழ்ந்து வந்தாக வேண்டும். வாசலில் ஒருவன் போதும் அவனைக் கொல்ல.

அவருடைய நிர்வாகத்தை நேரடியாகப் படிக்க முடிகிறது. 1950களில் முரப்பாத் குகைகளிலும், 1960, 61இல் யிகேல் யாதின் நாகல் ஹெவேர் குகையிலும் கண்டெடுத்த கடிதங்கள் அவருடைய கட்டளைகள்தாம். எபிரேயம், அரமேயம், கிரேக்கம் மூன்றிலும் இருக்கின்றன. அரசு நிலம் "இஸ்ரவேலின் நாசி (தலைவர்) ஷிமோன்" பெயரில் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகையைக் கோதுமையாக அளக்க வேண்டும், அதில் தசமபாகம் கழிக்க வேண்டும். சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்சங்குருத்தும் எத்ரோக் என்ற நாரத்தை வகைப் பழமும் ஏற்றிவர இரண்டு கழுதைகளை அனுப்புகிறார். மிர்ட்டல், ஆற்றலரிக் கொப்புகளுக்குத் தனி ஏற்பாடு. போர் நடுவில் இது. ஏன்கெதியின் அதிகாரிகளான யோனத்தானையும் மசபலாவையும் நோக்கி, இஸ்ரவேல் வீட்டாரின் சொத்தைத் தின்று குடித்து வசதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், சகோதரர்களைப் பற்றிக் கவலையே இல்லை என்று சாடுகிறார். இன்னொரு தளபதிக்கு, பென் அஃப்லூலுக்குச் செய்ததுபோல் உன் காலில் விலங்கு மாட்டுவேன் என்று மிரட்டல். வீரக்காவியத் தலைவன் அல்ல, கணக்குக் கேட்கும் கண்டிப்பான மேலாளர். அந்தக் கண்டிப்புதான் மூன்றரை ஆண்டு தாங்க வைத்தது.

காசுக்குப் புதிய உலோகம் தேடவில்லை. புழக்கத்திலிருந்த ரோமக் காசுகளின் மேலேயே மறு அச்சுக் குத்தினார்கள். பேரரசரின் முகம் இருந்த இடத்தில் ஆலய முகப்பு, யாழ், எக்காளம். சில காசுகளில் அடியில் வெஸ்பாசியனோ டிராஜனோ மங்கலாகத் தெரிவார்கள். "எருசலேமின் விடுதலைக்காக" என்று பொறித்தார்களே தவிர, எருசலேமில் இந்தக் காசுகள் கிடைத்தது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நகரம் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதற்கு இதுவே வலுவான சான்று.

ஆனால் ரோமும் பாடம் படித்திருந்தது. 70க்குப் பிறகு எருசலேமிலேயே பத்தாம் லீஜியன், பின்னர் வடக்கே ஆறாம் லீஜியன் என்று மாகாணத்தில் இரண்டு லீஜியன்கள். அவை தடுமாறியதும் எகிப்து, சிரியா, அரேபியா, தன்யூப் கரை என்று பல இடங்களிலிருந்து படை வந்தது. இழப்பை ஈடுகட்ட மிசேனம் கடற்படை ஆட்களைப் பத்தாம் லீஜியனில் சேர்த்ததற்கு ஒரு மனு சான்றாக இருக்கிறது. பிரிட்டனில் ஆளுநராக இருந்த ஜூலியஸ் செவேரஸை வரவழைத்தார்கள். அவர் பெரும்போர் கேட்கவில்லை. ஊர் ஊராகத் தனிமைப்படுத்தி, உணவைத் தடுத்து, வளைவாசல்களை அடைத்தார். சுரங்க வளைகளின் பலவீனம் அங்கேதான்: அங்கே ஒளியலாம், உணவு விளைவிக்க முடியாது. வயல் எதிரி கையில் போனால் வளை கல்லறையாகிவிடும்.

135இல் கடைசிக் கோட்டை பெத்தார் விழுந்தது. அதைச் சுற்றி ரோமர்கள் கட்டிய முற்றுகைச் சுவரின் தடயமும், ஊற்றருகே ஐந்தாம், பதினொன்றாம் லீஜியன்களின் பெயர் பொறித்த பாறையும் இருந்தன. 50 கோட்டைகள், 985 ஊர்கள் அழிந்தன, சண்டையில் மட்டும் 5,80,000 பேர் செத்தார்கள் என்கிறார் டியோ. பிணக்கணக்கை யோசேபஸ் போலவே சந்தேகிக்கலாம். ஊர்க்கணக்கை அப்படித் தள்ள முடியவில்லை. யூதேயா மலைப்பகுதியில் தோண்டிய ஊர்களெல்லாம் ஒன்றுபோல் அந்த ஆண்டுகளோடு வெறுமையாகின்றன. ஹெப்ரோன் அருகே தெரெபிந்த் சந்தையில் ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எழுதுகிறார். வென்றவனுக்கும் அடி பலம். செனட்டுக்கு எழுதும்போது "நானும் படையும் நலம்" என்று தொடங்கும் வழக்கமான வரியை ஹேட்ரியன் விட்டுவிட்டார்.

ஆக, ஒற்றுமையோடும் ஆயத்தத்தோடும் செய்தும் ஏன் இந்த முடிவு? சிரியாவுக்கும் எகிப்துக்கும் நடுவே இருக்கும் பாதையில் ஒரு சுதந்திர அரசை ரோம் விட்டுவைக்காது. பிரிட்டனின் வடக்கில் பின்வாங்கலாம், பார்த்தியா எல்லையில் பேரம் பேசலாம். ஹேட்ரியனே டிராஜன் பிடித்த மெசொப்பொத்தேமியாவைக் கைவிட்டவர்தான். இங்கே அது நடக்காது. அப்படியானால் கிளர்ச்சி வெல்ல ஒரே வழி, ரோம் வேறெங்கோ நீண்ட காலம் சிக்கியிருப்பது. அந்த நிலைமை 68, 69இல் இருந்தது. அப்போது எருசலேம் உள்சண்டையில் இருந்தது. 115இல் ஓரளவு இருந்தது. அப்போது எழுந்தவர்கள் சிதறிக் கிடந்தார்கள். 132இல் ஆயத்தம் எல்லாம் இருந்தது, ரோமுக்கு வேறு பெரிய போர் இல்லை. நன்றாக நடத்தப்பட்ட கிளர்ச்சிக்கு அதிகப் படை வந்தது. நாடு முழுக்கப் பரவி ஒளிந்த கிளர்ச்சியை அடக்க நாடு முழுவதையும் அழிப்பது ஒன்றே ரோமுக்குத் தெரிந்த வழி.

யூதேயா என்ற மாகாணப் பெயரை நீக்கிச் சிரியா பாலஸ்தீனா ஆக்கினார்கள். எருசலேமுக்குள் யூதர் கால்வைக்கத் தடை. நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் இடிபாடுகளில் அழ அனுமதி இருந்தது. யூத வாழ்வின் மையம் கலிலேயாவுக்கு நகர்ந்தது. அடுத்த பேரரசர் அந்தோனினஸ் பயஸ், யூதர்கள் தங்கள் மகன்களுக்கு மட்டும் விருத்தசேதனம் செய்துகொள்ளலாம், பிற மதத்தாருக்குச் செய்தால் குற்றம் என்று ஆணையிட்டார். தலைவரி தொடர்ந்தது.